நிறத்தை விடக் கழுத்து முக்கியம்

ஆசிரியருக்கு,

அமேசான் ஆற்று டால்பின் பற்றி நீங்கள் வெளியிட்ட செய்தியில் அதன் இளஞ்சிவப்பு நிறமே பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் அதன் பிழைப்பு கழுத்தில் இருக்கிறது. கடல் டால்பின்கள் பலவற்றுக்குக் கழுத்தெலும்புகள் ஒட்டியிருக்கும்; இதற்கோ தனித்தனியாக இருப்பதால் தலையைப் பக்கவாட்டில் திருப்ப முடிகிறது. பிரேசிலின் மாமிராவா பகுதியில் ஆண்டுதோறும் வெள்ளம் 10 மீட்டர் அளவுக்கு ஏறி, காடே ஆறாகிவிடும். அப்போது மரங்களுக்கிடையே வளைந்து நெளிந்து மீன் பிடிக்க அந்தக் கழுத்துதான் உதவுகிறது. முதுகிலும் உயரத் துடுப்பு இல்லை, தாழ்ந்த மேடு மட்டுமே.

வலையில் சிக்குவதும், பிராகடிங்கா என்ற கெளுத்தி மீனைக் கவரும் இரையாக வெட்டப்படுவதும் பழைய ஆபத்துகள். அந்த மீனைப் பிடிக்க 2015-லேயே பிரேசில் தடை விதித்தது. 2023-இல் வந்தது புதியது: வறட்சியில் பிரேசிலின் டெஃபே ஏரி சுமார் 2 மீட்டர் ஆழத்துக்கு வற்றியது. சேறு கலந்த நீர் வெயிலை உறிஞ்சி, அடிவரை சூடேறி 40 டிகிரியைத் தாண்டியது. ஒதுங்கக் குளிர்ந்த அடுக்கே இல்லை. 200-க்கும் மேற்பட்ட டால்பின்கள் இறந்தன.

அவற்றில் துகுஷியும் உண்டு. முதுகில் முக்கோணத் துடுப்புள்ள சாம்பல் நிற இனம். அந்தச் செய்தியோடு நீங்கள் வெளியிட்ட படத்தில் இருப்பதும் இளஞ்சிவப்பு டால்பின் அல்ல, அதுதான்!