திரையைப் பார்த்தே வைத்தியமா?

ஆசிரியருக்கு,

2021 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் நாடு முழுவதும் தொடங்கியபின் நோயாளியின் மருத்துவப் பதிவுகளைக் கணினிவழி இணைக்கும் 14 இலக்க ஆபா எண் பரவலாகி வருகிறது. பழைய சீட்டுகளைத் தேடி அலைய வேண்டியதில்லை, நல்லதுதான். ஆனால் விவரங்களைக் கணினியில் பதியும் மருத்துவரின் பார்வை திரையைவிட்டு நகர்வதில்லையே! குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுபவர்கள் விடியுமுன்பே, பலர் வெறும் வயிற்றோடு, தோட்டத்துக்குப் போகிறார்கள். சர்க்கரை மாத்திரையை எப்போது போடுகிறார், வேலைக்கிடையே தலைசுற்றுகிறதா என்பதெல்லாம் முகம்பார்த்துக் கேட்டால்தான் தெரியும். வயதானவர்கள் கேட்காததைத் தாமாகச் சொல்லவும் மாட்டார்கள். கூட்டம் மிகுந்த அரசு மருத்துவமனைகளில் பதிவு செய்யத் தனி உதவியாளரை நியமிக்க வேண்டும். அதுவரை, மருத்துவர்கள் தாம் பதிவதை நோயாளிக்கு வாசித்தாவது காட்டட்டும்.

- வாசகர், தக்கலை