கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழ்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக உன் போன் வரவில்லை. ஷிப்ட் மாறியிருக்கும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தொழிற்சாலைப் பதிவேட்டில் நீ ஏதோ கையெழுத்துப் போட மறுத்ததாக மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றிவிட்டார். அதைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை. எதையும் அவசரப்பட்டுச் செய்யாதே என்று மட்டும் சொல்கிறேன். வீட்டுக் கடன் இருக்கிறது, சின்னவனுக்கு இந்த வருடம்தான் பள்ளி மாறியிருக்கிறது. சென்ற முறை இதையே சொன்னபோது, ‘அன்றைக்கு நீங்கள் யாரைக் கேட்டுக்கொண்டு செய்தீர்கள் அப்பா?’ என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாய். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை.

போபால் விஷவாயுக் கசிவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுமார் 40 டன் விஷ திரவம் இருந்த தொட்டியைக் குளிரூட்டும் இயந்திரம் பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்ததும், கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரம் இணைப்பில்லாமல் கிடந்ததும் உன் படிப்பிலேயே வந்திருக்கும். ரயில்வேக்காரர்களான நாங்கள் பேசிக்கொள்வது வேறொரு விஷயம். 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு போபால் ஸ்டேஷனில் பணியில் இருந்த துணைக் கண்காணிப்பாளர் குலாம் தஸ்தகீர், கண் எரிந்து தொண்டை அடைத்த நிலையில், பயணிகள் நிறைந்து நின்ற கோரக்பூர் எக்ஸ்பிரஸை மேலிடத்து அனுமதிக்குக் காத்திராமல், குறித்த நேரத்துக்கு முன்பே அனுப்பிவைத்தார். வண்டி தாமதமானால் ஒரு விளக்கம் எழுதிக் கொடுத்துத் தப்பிவிடலாம், நேரத்துக்கு முன்னால் அனுப்பியவனுக்கு எந்த விளக்கமும் உதவாது என்பது எங்கள் தொழிலில் இருந்தவர்களுக்குத்தான் புரியும். போபாலுக்கு வண்டிகளை அனுப்ப வேண்டாம் என்று மற்ற ஸ்டேஷன்களுக்கும் தகவல் கொடுத்துவிட்டு, தாம் மட்டும் பிளாட்பாரத்திலேயே இருந்தார். அந்த வாயு அவர் உடம்பைக் கடைசிவரை விடவில்லை. 2003இல் இறந்தார். பணியில் உயிர்விட்ட ஊழியர்களுக்கு முதல் பிளாட்பாரத்தில் வைத்த நினைவுச் சின்னத்தில், பின்னால் இறந்த காரணத்தால், அவர் பெயர் இல்லை.

அவரை வீரர் என்கிறார்கள். என் கண்ணுக்கு அவர் வேலை தெரிந்த மனிதர். விதி எதற்காக எழுதப்பட்டது என்பது தெரிந்திருந்ததால்தான், அதை எப்போது மீற வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. நீயும் வேலை தெரிந்தவள் என்று மாப்பிள்ளை அடிக்கடி சொல்வார். கேட்கும்போது பெருமையாகத்தான் இருக்கும். ஆனாலும் அவசரப்படாதே. இப்படி எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கூடத்துச் சான்றிதழில் உள்ளது உண்மையில்லை. நான் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தபோது, அது ஒரு ஜனவரி மாதம், விடியற்காலை ஐந்து மணி இருக்கும். பனிக்குச் சுருங்கி, எங்கள் ஹோம் சிக்னலுக்குச் சற்று வெளியே தண்டவாளம் பிளந்திருந்தது. தண்டவாளத்தை நடந்து சோதிக்கும் கீமேன் ஓடிவந்து சொன்னபோது பாசஞ்சர் வண்டிக்கு நான் லைன் கிளியர் கொடுத்து வரச் சொல்லியிருந்தேன் என்றாலும், வண்டி அடுத்த ஸ்டேஷனை விட்டு இன்னும் கிளம்பவில்லை. ஒரு போன் செய்து நிறுத்தியிருக்கலாம். முந்தைய வருடம் ஒரு சரக்கு வண்டியை நிறுத்தி வைத்ததற்காக எனக்குச் சார்ஜ் ஷீட் கொடுத்து இன்கிரிமென்டையும் வெட்டியிருந்தார்கள். நீ அப்போது கைக்குழந்தை. ஆகவே மேலிடத்துக் கண்ட்ரோல் ஆபீஸைக் கேட்டுக்கொண்டு செய்யலாம் என்று, கிடைக்காத லைனையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். என்னைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்ற கீமேன், ஒன்றும் சொல்லாமல் சிவப்பு விளக்கை எடுத்துக்கொண்டு இருட்டில் ஓடினார். அதன் பிறகுதான் வண்டி புறப்பட்டுவிட்டதாக மணி அடித்தது. வண்டிச் சக்கரம் ஏறியதும் வெடித்து டிரைவரை எச்சரிக்கும் டெட்டனேட்டரை விதிப்படி 1,200 மீட்டர் தள்ளித் தண்டவாளத்தில் வைக்க வேண்டும். அவ்வளவு தூரம் ஓட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை, ஓடிய தூரத்தில் வைத்தார். உடைப்புக்குச் சற்று முன்னால் வண்டி நின்றது.

என் உத்தரவின்பேரில் கீமேன் அனுப்பப்பட்டார் என்று நான் அறிக்கை எழுதினேன். டிவிஷனிலிருந்து சான்றிதழும் ரொக்கமும் எனக்கு வந்தன. அந்தப் பணத்தில்தான் உனக்கு முதல் கொலுசு வாங்கினோம். அவருக்கு ஒன்றும் வரவில்லை, அவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் கட்டுக் கட்டாகப் பனங்கிழங்கு கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டு, ‘ஐயா நல்லா இருக்கீங்களா’ என்று கேட்டுப் போவார். ஆம், உன் பனங்கிழங்கு மாமாதான். எட்டாம் வகுப்பில் ‘என் அப்பா’ என்று நீ கட்டுரை எழுதிப் பரிசு வாங்கிய அன்றும் அவர் வந்திருந்தார். நீ அதைப் படித்துக் காட்டினாய், அவர் கைதட்டினார்.

சான்றிதழை நேற்றுக் கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டேன். சுவரில் வெளுப்பாக ஒரு சதுரம் தெரிகிறது. அம்மா கேட்டதற்கு, சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்று சொன்னேன்.

பதிவேட்டு விஷயத்தில் உனக்குத் தெரிந்ததைச் செய். சம்பளம் நின்றுபோனால் என் பென்ஷன் இருக்கிறது. பொங்கலுக்கு மாப்பிள்ளையையும் சின்னவனையும் அழைத்துக்கொண்டு கட்டாயம் வா. மாமா இப்போது நடமாட்டம் குறைந்து மகன் வீட்டில் இருக்கிறாராம். அவரைப் போய்ப் பார்க்க வேண்டும். தனியாகப் போக எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

அன்புடன்,
அப்பா