கடை விற்பனையும் கற்றுத் தேறும் தொழில்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவுகளையொட்டித் தங்கள் நாளிதழ் வெளியிட்ட உயர்கல்வி வழிகாட்டிப் பக்கங்களைக் கடையில் வைத்தே படித்தேன். பொறியியல், செவிலியர் படிப்பு, ஐ.டி.ஐ., கேட்டரிங் என்று எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்திருந்தீர்கள். கடை விற்பனைக்கு ஒரே ஒரு வரி: நல்ல வேலை கிடைக்கும் வரை பகுதி நேரமாகப் பார்க்கலாம் என்று. திருச்சியில் ஓர் எலக்ட்ரிக்கல், ஹார்டுவேர் கடையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை பார்க்கிறவள் நான். அந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் கடைக்கு அடிக்கடி வரும் கேள்வி ஒன்றைச் சொல்கிறேன். எம்.சி.பி. என்பது, லைனில் அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் தானாக விழுந்து துண்டிக்கும் சுவிட்ச். "எம்.சி.பி. சும்மா சும்மா விழுகிறது. இதைவிடப் பெரியதாக ஒன்று கொடுங்கள்" என்பார்கள். 16 ஆம்பியருக்குப் பதிலாக 32 ஆம்பியரை எடுத்துக் கொடுத்தால் வியாபாரம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். வீட்டுக்குப் போய் மாட்டினால் எம்.சி.பி.யும் விழாது. ஆனால் சுவருக்குள் ஓடுவது 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயராக இருந்தால், விழ வேண்டிய நேரத்தில் எம்.சி.பி. விழாமல் ஒயர் சூடேறி உருக ஆரம்பிக்கும். அந்தக் கருவி இருப்பதே ஒயரைக் காப்பாற்றத்தான். அதனால் கேள்வி கேட்டாக வேண்டும். வீட்டில் புதிதாக என்ன வாங்கினீர்கள், ஏ.சி.யா, கீசரா? எந்த லைனில் மாட்டினீர்கள்? வீடு கட்டி எத்தனை வருடம் ஆகிறது? பதிலைக் கேட்ட பிறகு, "ஏ.சி.க்குத் தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள், 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போடச் சொல்லுங்கள், முதலில் எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்று ஒன்றும் விற்காமல் அனுப்பிவைத்ததும் உண்டு. அன்றைய கணக்கில் அது பூஜ்யம். ஒரு குடும்பம் நிம்மதியாகத் தூங்குவதற்கு அந்தப் பூஜ்யமும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

குழாய்ப் பிரிவிலும் இதே கதைதான். வெந்நீர் லைனுக்குச் சூடு தாங்கும் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய் போட வேண்டும். விலை குறைவு என்று சாதாரண வெள்ளைக் குழாயை வாங்கிப் போனால் கீசர் சூட்டில் நெகிழ்ந்து வளைந்துவிடும். இரண்டுக்கும் ஒட்டும் சால்வென்டும் வேறு. மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது, புதிது வேண்டும் என்று வருகிறவரிடம், முதலில் 2.5 மைக்ரோ கண்டென்சரை மாற்றிப் பாருங்கள் என்று சொல்லத் தெரிய வேண்டும். ஆசாரி "நாலு நூல்" என்று கேட்பார், பிளம்பர் "அரை இஞ்ச்" என்பார், பெட்டியின் மேல் 15 மி.மீ. என்று அச்சிட்டிருக்கும்; மூன்றும் ஒரே அளவுதான். உடைந்த துண்டை மட்டும் கையில் கொண்டுவந்து நீட்டுகிறவர்களும் உண்டு. அதன் மரையைப் பார்த்து, எந்தக் காலத்து மாடல், இப்போது அதற்கு எது பொருந்தும் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

இவற்றை எந்த வகுப்பிலும் நான் படிக்கவில்லை. பில் போடும் வேலைக்குத்தான் சேர்ந்தேன். அப்போதிருந்த மூத்த விற்பனையாளர் ஒருவர், வந்திறங்கும் சரக்கையெல்லாம் என்னையே பிரித்து அடுக்கச் சொன்னார். எல்போ, டீ, யூனியன், புஷ், கேட் வால்வு என்று குழாய்ச் சாமான்களில் கை பழகியது. பிறகு கவுண்டருக்கு வந்தேன். எலக்ட்ரீஷியன்கள் என்னைத் தாண்டிப் பார்த்து, "அண்ணன் யாரும் இல்லையாம்மா?" என்று கேட்ட காலம் அது. இப்போது அவர்களில் பலர் வேலை நடக்கும் இடத்திலிருந்தே எனக்குப் போன் செய்து, "அக்கா, இந்த லோடுக்கு எது போடலாம்?" என்று கேட்கிறார்கள். இந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

சம்பளம்தான் அந்த அளவுக்கு ஏறவில்லை. புதிதாகச் சேர்ந்தவருக்கும் எனக்கும் சில ஆயிரம் ரூபாய்தான் வித்தியாசம். எங்கள் கடை மட்டும் இப்படி என்று சொல்ல மாட்டேன், கடைத்தெருவே இப்படித்தான். சப்மெர்சிபிள் மோட்டார் பேனல் பற்றி என்ன கேட்டாலும் பதில் வைத்திருந்த ஒருவர், பிள்ளையின் கல்லூரிச் செலவுக்குக் கட்டுப்படியாகாமல் லோடு ஆட்டோ ஓட்டப் போய்விட்டார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவரோடு போயிற்று. சம்பளம் ஏறவில்லை என்று மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கடை மாறுகிறவர்களுக்கு இன்னொரு நஷ்டம் இருக்கிறது. வேலையை விடும்போது தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டி கிடைக்க ஓரிடத்தில் 5 ஆண்டுகள் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். அதுவும் 10 பேராவது வேலை செய்யும் கடையாக இருக்க வேண்டும். ஐந்தாறு பேர் உள்ள சிறிய ஹார்டுவேர் கடையில் ஆயுளைக் கழித்தவருக்கு முதலாளி மனம் வைத்தால்தான் உண்டு.

உடம்பையும் சொல்ல வேண்டும். வாழ்நாள் முழுதும் பார்க்கிற வேலை என்றால் கால்கள் தாங்க வேண்டும். நின்றே வேலை செய்து, கால் நரம்புகள் புடைத்துச் சுருளும் வெரிகோஸ் வெயின் வந்தவர்களை எங்கள் தெருவில் எந்தக் கடையிலும் பார்க்கலாம். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தை 2021-இல் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். கேரளம் 2018-லேயே இதைச் செய்துவிட்டது. சட்டம் வந்த பிறகும், முதலாளி உள்ளே வந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்ற பயத்தில் ஸ்டூல் மேல் சரக்கை அடுக்கி வைத்திருக்கும் கடைகள் இருக்கின்றன. தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் எடைக்கல்லைச் சோதிப்பது போலவே இதையும் சோதிக்க வேண்டும்.

ஜெர்மனியில் கடை விற்பனைக்கு இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு என முறையான தொழிற்பயிற்சி இருக்கிறது. கடையில் வேலை பார்த்துக்கொண்டே தொழிற்பள்ளிக்கும் போய், தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்குகிறார்கள். நம் ஊரில் எலக்ட்ரீஷியனுக்கு ஐ.டி.ஐ.யில் இரண்டு ஆண்டுப் படிப்பு இருக்கிறது. அவர் மாட்டப்போகும் பொருளைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பவருக்கு என்று அப்படி ஒன்று வேண்டாமா? மின்பொருள், குழாய், பெயின்ட், ஜவுளி என்று பிரிவுவாரியாக மாலை நேர வகுப்புகளை ஐ.டி.ஐ.களில் தொடங்கலாம். எங்களைப் போன்ற பழைய ஆட்களுக்கு நேரடியாகச் செய்முறைத் தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுக்கலாம். அந்தத் தகுதியைப் பார்த்துக் குறைந்தபட்சக் கூலியில் தனிப் படிநிலை நிர்ணயிக்க வேண்டும் என்பதே என் முக்கியமான கோரிக்கை. அது இல்லாமல் சான்றிதழை மட்டும் கொடுத்தால், பிரேம் போட்டுச் சுவரில் மாட்டி வைக்கத்தான் உதவும்.

முதலாளிகளுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஆன்லைனில் விலை பார்த்து வாங்கி, பொருந்தாமல் கையில் எடுத்துக்கொண்டு நம் கடைக்கே வருகிறவர்களை நீங்களும் பார்க்கிறீர்கள். அவர்கள் தேடி வருவது கவுண்டரில் நிற்கும் ஆளின் அறிவை. அந்த ஆளைத் தக்க வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆண்டு வழிகாட்டிப் பக்கங்களைத் தயாரிக்கும்போது தங்கள் நிருபர் ஒருவரை எங்கள் கடைத்தெருவுக்கு அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். காலையில் எலக்ட்ரீஷியன்கள், பிளம்பர்கள் கூட்டம் இருக்கும், பேச நேரம் கிடைக்காது. மதியம் இரண்டு மணிக்கு மேல் வரட்டும். அரை நாள் கவுண்டருக்குப் பின்னால் எங்களோடு இருந்து பார்த்துவிட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
எலக்ட்ரிக்கல் கடை விற்பனையாளர்,
திருச்சி.