தண்ணீருக்கு என் வார்த்தை ‘அண்ணி’

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

என் குரலைக் கேட்டு எனக்காகப் பேசும் கருவி கிடைக்கக் காரணமான உங்களுக்கு நன்றி சொல்ல, இந்த மடலை வலது கட்டைவிரலால் தட்டித் தட்டி எழுதுகிறேன். தொடங்கிப் பத்தொன்பது நாள் ஆகிறது. யாரையும் விட்டுவிடக் கூடாது என்று நிதானமாகவே எழுதுகிறேன்.

எனக்கு வயது 36. பிறந்ததிலிருந்து பெருமூளை வாதம். சொல்ல வேண்டியது மனதில் தெளிவாக இருக்கும். நாக்கும் உதடும் மூச்சும் சேர்ந்து வராது. டாக்டர்கள் இதை டிசார்த்ரியா என்கிறார்கள். ‘தண்ணி’ என்று நான் சொன்னால் வெளியே வருவது ‘அண்ணி’. ‘கண்ணாடி’யும் ஏறக்குறைய அப்படித்தான் வரும். என் பேச்சு முழுதாகப் புரிந்தது அம்மாவுக்கு மட்டும்தான்.

போன வருடம் ஆடி மாதம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. மூன்று வாரம் ஆஸ்பத்திரி. வீட்டில் சித்தியும் தம்பியும் என்னைப் பார்த்துக்கொண்டார்கள், ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் காலுக்கு மாட்டும் காலிப்பர் சட்டத்தின் வார் அழுத்துகிறது என்பதைப் புரியவைக்க எனக்கு அரை நாள் ஆனது. பசிக்குதா, தூக்கம் வருதா, அம்மா ஞாபகமா என்று சித்தி ஒவ்வொன்றாகக் கேட்டார். சாயங்காலம் வாரைக் கழற்றியபோது தோல் உரிந்திருந்தது. சித்தி அழுதுவிட்டார். சித்தி, அன்றைக்கு நீங்கள் கேட்பதை நிறுத்தவே இல்லை. அதை நான் மறக்க மாட்டேன்.

அடுத்த வாரமே தம்பி என்னை ஸ்பீச் தெரபிஸ்ட் மேடத்திடம் கூட்டிப் போனான். சின்ன வயதிலிருந்து எல்லோரும் எனக்குச் சொன்னது “தெளிவாச் சொல்லு, மெதுவாச் சொல்லு”. மேடம் மட்டும் வேறு சொன்னார்: “தெளிவா வர வேண்டாம்பா. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வந்தா போதும், மெஷின் பிடிச்சுக்கும்.” இங்கிலாந்தில் ஷெஃபீல்டிலும் பார்ன்ஸ்லியிலும் இந்த வழியில்தான் குரல் கேட்டுக் குரல் கொடுக்கும் கருவியைச் செய்து பார்த்தார்களாம். படத்தைத் தொட்டால் பேசும் செயலிகள் இருக்கின்றன. சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில் பேசும் தோழி எனக்கு இருக்கிறாள். என் கைதான் ஓர் இடத்தில் நிற்காது, ஒரு படத்தைத் தொடுவதற்குள் ஆடிப்போகும். குரல் அப்படியில்லை. கோணலாக வந்தாலும் உடனே வந்துவிடும். மேடம், 36 வருடத்தில் என் பேச்சைத் திருத்தப் பார்க்காமல் அதையே எடுத்துக்கொண்ட முதல் ஆள் நீங்கள்.

அப்புறம், அப்படி ஒரு கருவியை எனக்குச் செய்து கொடுத்த அந்த இரண்டு பொறியியல் மாணவர்கள். ஐந்து மாதம், ஞாயிறு தவறாமல் எங்கள் முன்னறையில் உட்கார்ந்தார்கள். முதலில் 24 வார்த்தைகள். சாயங்காலம் நான் களைத்தால் குரலே மாறிவிடும் என்பதால், ஒவ்வொன்றையும் காலையில் 15 தடவை, மாலையில் 15 தடவை. மொத்தம் 720 பதிவுகள். ஒருநாள் பதினோராவது வார்த்தையிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. “இன்னைக்குப் போதும் அண்ணா” என்று மைக்கைச் சுருட்டி வைத்துவிட்டு, சித்தி போட்ட அடையைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். சலிப்பே காட்டவில்லை.

வார்த்தைகளைத் தேர்ந்தெடுத்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அர்த்தத்தைப் பார்க்காமல், என் வாயில் எவை ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கின்றன என்று பார்த்தார்கள். ‘தண்ணி’யும் ‘கண்ணாடி’யும் மோதியதால் கண்ணாடிக்கு ‘மூக்கு’ என்று வைத்தோம். இப்போது நான் ‘அண்ணி’ என்றால், சக்கர நாற்காலிக்குப் பின்னால் தொங்கும் சீட்டுக்கட்டு அளவு கம்ப்யூட்டர் அதைப் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டு, “எனக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும்” என்கிறது. சந்தேகமாக இருந்தால் தப்பாகப் பேசாமல் ‘டிக்’ என்று ஒரு சத்தம் போட்டுக் காத்திருக்கும். நான் மறுபடி சொல்வேன். குக்கர் விசிலைக்கூட என் வார்த்தையாக எடுத்துக்கொண்டதால், முழங்கையால் அழுத்தும் ஒரு பெரிய ஸ்விட்சை வைத்தார்கள். அதை அழுத்தினால்தான் கேட்கும்.

பேசும் குரல் என் தம்பியுடையது. கம்ப்யூட்டர் குரல் வேண்டாம் என்று அவனே எல்லா வாக்கியங்களையும் பேசிக் கொடுத்தான். டேய், எனக்கு நல்ல குரல் இருந்திருந்தால் அது உன் குரல் மாதிரித்தான் இருந்திருக்கும்.

என் தலை ஆடும்போதெல்லாம் மைக் நழுவும். தெருமுனைத் தையல் கடை அண்ணன் பழைய வேட்டித் துணியில் கழுத்துப் பட்டி தைத்து, அதற்குள் மைக்கை வைத்தார். மூன்று முறை பிரித்துத் தைத்தார், காசு வாங்கவில்லை.

இனி, நான் பார்த்தே இராத இருபது பேருக்கு. காலவாக்கம் எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியார், முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தோடு சேர்ந்து, என்னைப் போன்ற 20 பேரின் தமிழைப் பதிவு செய்தார்கள். ஆளுக்கு 365 சொற்களும் தொடர்களும். 2021இல் அது உலக ஆய்வாளர்களுக்கெல்லாம் கிடைக்கும்படி வெளியானது. எங்கள் மாணவர்கள் அதைப் பற்றிப் படித்துத்தான் எங்கே தொடங்குவது என்று தெரிந்துகொண்டார்கள். 365 என்று வாசிப்பது சுலபம். 24 வார்த்தைக்கே எனக்குத் தாடை வலித்தது. பிழையான பேச்சு என்று ஊர் சொன்ன குரலை, பிறர் கேட்கட்டும் என்று உட்கார்ந்து கொடுத்திருக்கிறீர்கள். யார் யார் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கு என் வணக்கம்.

இரண்டு வருடம் முன்பு ஒரு வங்கியில், குடித்துவிட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்து என்னை வெளியே போகச் சொன்னார்கள். இந்தத் தையில் மருந்துக் கடைக்குத் தம்பி இல்லாமல், ஆட்டோ அண்ணன் கூட்டிப் போய் வாசலில் விட, நான் மட்டும் உள்ளே போனேன். கருவி இரண்டு முறை ‘டிக்’ என்றது. பின்னால் நான்கு பேர். கடைக்காரர் அவர்களைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை அது பேசியது, அவர் மாத்திரையை எடுத்தார். சார், அந்த ஒரு நிமிடத்துக்காக நன்றி. பின்னால் நின்ற நான்கு பேருக்கும்தான். சளி பிடித்தால் கருவி என்னைச் சுத்தமாக மறந்துவிடும்; அந்த நாட்களில் நீங்கள் எல்லோரும் இப்படித்தான் நிற்க வேண்டியிருக்கும்.

அம்மா இப்போது வாக்கரில் நடக்கிறார். “என்கிட்ட எதுக்குடா மெஷின்?” என்கிறார், சரிதான். ஆனால் ராத்திரி நான் இருமினால்கூட, வலியோடு எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார். ஒன்றுமில்லை என்று அடுத்த அறையிலிருந்து அவருக்குச் சொல்ல எனக்கு வழி இருந்ததில்லை. அதனால் 25ஆவது வாக்கியத்தை நானே கேட்டு வாங்கினேன். போன வெள்ளிக்கிழமை ராத்திரி கட்டில் கிரீச்சிட்டது, வாக்கரை இழுக்கும் சத்தம் கேட்டது. ஸ்விட்சை அழுத்தினேன்.

“அம்மா, எனக்கு ஒன்றும் வேண்டாம். நீ தூங்கு.”

வாக்கர் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துக் கட்டில் மறுபடி கிரீச்சிட்டது.

நன்றியுடன்,
நீலக் கேட் வீட்டுப் பெரியவன்