2025-26 ஆண்டறிக்கை: செல்போன் கேம் பசங்களும் நம்ம கடைத்தெருவும்

தலைவர் அவர்களே, பொருளாளர் அண்ணே, நம்ம வியாபாரிகள் சங்க மகாசபைக்கு வந்திருக்குற உறுப்பினர்கள் எல்லாருக்கும் செயலாளரோட வணக்கம். வர முடியாதவங்களுக்காக இத அப்படியே வாட்ஸப் க்ரூப்லயும் போடப்போறேன், அதனால பேசுற மாதிரியே எழுதிட்டேன், பெரியவங்க கோவிச்சுக்காதீங்க.

வழக்கமான விஷயத்த முதல்ல முடிச்சிடுறேன். நிர்வாகக்குழு தவறாம கூடுச்சு. செப்டம்பர் 22லேருந்து ஜிஎஸ்டில 12ம் 28ம் போயி பெரும்பாலும் 5, 18ன்னு மாறுனப்ப ஆடிட்டர ஒரு சாயங்காலம் வரவழைச்சு எல்லாருக்கும் பில்லிங்ல ரேட்டு மாத்துற வேலைய சொல்லிக்குடுக்க வச்சோம். தெரு சாக்கடை அடைப்பு பத்தி மனு குடுத்தோம், திரும்பவும் குடுத்தோம், இன்னமும் குடுப்போம். வரவு செலவு பொருளாளர் அண்ணன் வாசிப்பாரு.

இனி முக்கியமான சங்கதி. போன வருஷம் நம்ம சங்கத்துல அதிகமா சண்டை வந்ததும் சரி, நல்லா வியாபாரம் நடந்ததும் சரி, ஒரே விஷயத்தாலதான். கடைப்படியில வரிசையா உக்காந்து போனை படுக்க வச்சு பிடிச்சுக்கிட்டு "டேய் ரிவைவ் பண்ணுடா"ன்னு கத்துற பசங்க. போலீஸ்ல சொல்லி விரட்டணும்னு பாதி பேரு, வாங்குறானோ இல்லியோ நாலு தலை நின்னாதான் கடைக்கு அழகுன்னு மீதி பேரு. நான் ரெண்டாவது கட்சி, மறைக்கல.

இதுல ரெண்டு ஜாதி கேம் இருக்குங்க. ஒண்ணு உக்காந்து ஆடுற துப்பாக்கிச் சண்டை கேம், பிஜிஎம்ஐ (பப்ஜியோட இந்திய வடிவம்), ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் மாதிரி. இன்னொண்ணு நடந்து ஆடுறது, போக்கிமான்ங்குற கார்ட்டூன் பிராணிங்கள போன்ல தேடிப் பிடிக்கிற போக்கிமான் கோ. 2016 பிப்ரவரில நம்ம கும்பகோணத்துல மகாமகம் முடிஞ்சுது, ஜூலைல அந்த கேம் வெளிநாட்டுல வந்துச்சு. ஊர்ல நிஜமா இருக்குற சிலை, மண்டபம், கோபுரத்தையெல்லாம் மேப்புல "ஸ்டாப்"னு வச்சிருப்பான், கிட்ட போனாதான் ஆட்டத்துல பொருள் கிடைக்கும். காசு குடுத்து லூர்னு ஒண்ணு வாங்கி ஒரு ஸ்டாப்புல போட்டா அரை மணி நேரம் அங்க போக்கிமான் வந்துக்கிட்டே இருக்கும், பின்னாலயே ஆளும் வரும். நியூயார்க்ல ஒரு பீட்சா கடைக்காரர் பத்து டாலருக்கு இந்த லூர் போட்டாராம், அந்த வாரக்கடைசில வியாபாரம் 75 சதவீதம் ஏறுச்சுன்னு அந்த ஊரு பேப்பர்லயே வந்துச்சு. ஜப்பான்ல மெக்டொனால்ட்ஸ் தன்னோட கிட்டத்தட்ட 2,900 கடையையும் ஆட்டத்துக்குள்ள கொண்டாந்துட்டான். நம்ம நாட்டுக்கு அந்த வருஷம் டிசம்பர்ல ஜியோவோட சேர்ந்து வந்தப்ப ரிலையன்ஸ் கடைங்கள ஸ்டாப் ஆக்குனாங்க. பெரிய கம்பெனிக்கு காசு குடுத்து கிடைச்சது நமக்கு சோழன் புண்ணியத்துல ஓசியிலயே கிடைக்குதே, நம்ம ஊர்ல கோபுரத்துக்கும் மண்டபத்துக்கும் பஞ்சமா?

இதுல இன்னொரு நுணுக்கம் இருக்கு. கோயிலுக்குள்ள செல்போன் கூடாதுன்னு 2022 டிசம்பர்ல மதுரை கிளை ஹைகோர்ட் சொல்லிருச்சு, நியாயம்தான். ஆனா ஸ்டாப்ப தொட உள்ள போகவே வேணாம், முன்னாடி 40 மீட்டர்னு இருந்த தூரத்த கொரோனா சமயத்துல 80 ஆக்கி அப்படியே விட்டுட்டாங்க. கோபுர ஸ்டாப்புன்னா சன்னதித் தெரு கடை வாசல்ல நின்னாலே எட்டும். பையன் சாமிய தொந்தரவு பண்ணாம ஒரு டிகிரி காபியும் குடிப்பான். மாசத்துல ஒரு சனி இல்ல ஞாயிறு, போக்கிமான் கோ ஆடுறவங்க எல்லாரும் ஒண்ணா வெளிய வந்து ஆடட்டும்னு கம்யூனிட்டி டேன்னு வைக்கிறாங்க, பெரும்பாலும் மத்தியானம் 2லேருந்து 5 வரைக்கும். அந்த நேரத்துல நாம என்ன பண்ணுறோம்? பாதி ஷட்டர இறக்கிட்டு தூங்குறோம்.

உக்காந்து ஆடுற கேமுக்கு மே மாசம் ஒரு போட்டி வச்சோம். ஏன் மேன்னா, சம்பா நெல்லு கொள்முதல் பணம் மாசிக்குள்ள கரைஞ்சிரும், குறுவை காசு வர ஐப்பசி ஆகும், நடுவுல கல்யாண ஜவுளி, பாத்திரக்கடைய தவிர மத்தவங்களுக்கு ஈ ஓட்டுற வேலைதான், பசங்களுக்கும் பரீட்சை முடிஞ்சிருக்கும். முகூர்த்தம் இல்லாத நாளா பாத்து மண்டபத்த கேட்டோம், தலைவர் தயவுல சலுகை வாடகைக்கு கிடைச்சுது. நாலு பேரு ஒரு ஸ்க்வாட், நுழைவுக் கட்டணம் கிடையாது, பரிசு ரொக்கமா இல்லாம நம்ம தெருக் கடைங்கள்ல மட்டும் செல்லுற கூப்பனா குடுத்தோம், அதனால பரிசா போனதும் சுத்தி நம்ம கல்லாவுக்கே வந்துருச்சு. நிறைய ஓடுனது என்னன்னா ரோஸ்மில்க், பன் பட்டர் ஜாம், விரல்ல மாட்டுற ஸ்லீவ், சார்ஜர் வயரு, அப்புறம் ஸ்க்வாட் பேரு போட்ட டீசர்ட். இலவசமா ப்ளக் பாயிண்ட் வச்ச கடையிலதான் கூட்டம் நின்னுச்சு, கரண்டு பில்லு எகிறும்னு பயந்தவங்க வாசல்ல யாரும் இல்ல. போன் சார்ஜ் ஏற அரை மணி நேரம் ஆகும்ல, அவன் எங்க போவான்?

கட்டணம் வாங்கியிருந்தா செலவு கவர் ஆகியிருக்கும்னு சிலர் இன்னமும் சொல்லுறீங்க. இனிமே கட்டணம், பணப் பரிசுன்னு இறங்குறதுக்கு முன்னாடி, நம்ம போட்டி முடிஞ்சப்புறம் 2025 ஆகஸ்ட் 22ம் தேதி ஜனாதிபதி கையெழுத்து போட்ட ஆன்லைன் கேமிங் சட்டத்த பாருங்க, காசு கட்டி காசு எடுக்குற ஆட்டத்த நடத்துறதும் குத்தம், விளம்பரம் பண்ணுறதும் குத்தம். அதனால ரம்மி ஸ்டிக்கர், பேனர் எதுவும் எந்த கடையிலயும் இருக்கக்கூடாதுன்னு தீர்மானம் போட்டாச்சு. சட்டம் இல்லாட்டியும் போட்டிருப்போம், அந்த ஆட்டத்துல வீட்ட தொலைச்ச குடும்பத்துக்கிட்ட நாம என்ன விக்க முடியும்?

சரக்கு எடுக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. பப்ஜிய 2020 செப்டம்பர்ல தடை பண்ணுனாங்க, ஃப்ரீ ஃபயர 2022 பிப்ரவரில, பிஜிஎம்ஐ 2022 ஜூலைல ப்ளே ஸ்டோர்லேருந்து காணாம போயி 2023 மேலதான் திரும்பி வந்துச்சு. ராத்திரி இருந்தது காலைல இருக்காது. நம்ம உறுப்பினர் ஒருத்தரு வாங்கி வச்ச பப்ஜி ட்ரிகர் (போன்ல மாட்டி சுடுற பட்டன்) பெட்டி இன்னும் பரண்லதான் இருக்கு, யாருக்காவது வேணும்னா கேளுங்க, விலை பேசிக்கலாம். எந்த கேம் போனாலும் விக்கிற பொருளா எடுங்க, சார்ஜர், இயர்போன், தீனி, தண்ணி பாட்டில்.

வர்ற வருஷத்துக்கு கேக்குறது மூணுதான்: கம்யூனிட்டி டே அன்னிக்கு மத்தியானம் கடைய திறந்து வைங்க, வாசல்ல ஒரு பெஞ்சும் ப்ளக்கும் போடுங்க, தெரு முனை மண்டபத்துக்கிட்ட பசங்க வண்டிய குறுக்க நிறுத்தாம பாத்துக்க ரெண்டு பேரு முறை வச்சு வாங்க. 2028 மகாமகத்துக்கு வெளியூர் கூட்டம் வர்றதுக்குள்ள இது பழகிடணும். சந்தா பாக்கி உள்ளவங்க சாப்பாட்டுக்கு போறதுக்கு முன்னாடி பொருளாளர் அண்ணன பாத்துட்டு போங்க, ஜிபே ஸ்கேனர் மேசை மேலயே இருக்கு.

இப்படிக்கு,
செயலாளர்