திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பதினைந்து ஆண்டுகளாக உங்கள் கம்பெனிகளில் கேபிள் இழுத்து, வைஃபை பெட்டி மாட்டித் தருகிறவன் நான். சென்ற மாதம் ஒரு தையல் பிரிவில் கண்ட காட்சிதான் இதை எழுத வைத்தது. ஓவர்லாக் தைக்கும் அக்கா ஒருவர், தைத்த துணிக்கட்டின் பண்டல் சீட்டை ஸ்கேனரில் காட்டிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பதிவு ஏறவில்லை. ஸ்கேனரைத் தலைக்கு மேல் தூக்கி, வைஃபை பெட்டி இருக்கும் ஆபீஸ் அறைப் பக்கமாக நீட்டினார். அப்போதும் ஏறவில்லை. அவருக்குப் பீஸ் ரேட் கூலி, அதாவது தைத்த எண்ணிக்கைக்குத்தான் காசு. ஏறாத பண்டலுக்காகச் சனிக்கிழமை சூப்பர்வைசரிடம் போய் நின்று மன்றாட வேண்டும்.

"நெட் வேகத்தை இரண்டு மடங்காக்கிவிட்டோமே" என்பார்கள் முதலாளிகள். ஆனால் நெரிசல் இருப்பது வெளியிலிருந்து வரும் இணைப்பில் அல்ல; உங்கள் கூரைக்குக் கீழே, காற்றில். பல கம்பெனிகளில் தொங்குவது 2009இல் வந்த நான்காம் தலைமுறை, வைஃபை 4 பெட்டி. அதில் ஒரு தடத்தில் (சேனலில்) ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். ஒரே ஒரு துணி ரோலை ஏற்றிக்கொண்டு சாயப்பட்டறைக்கு ஒரு டெம்போ போவதைப் போல, சின்னப் பதிவு ஒன்றே தடம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றுதான்: 1, 6, 11. பக்கத்துக் கம்பெனியும் எதிர்வீடும் அதே மூன்றில்தான் முட்டிக்கொள்கின்றன.

2021இல் தரமாக ஏற்கப்பட்ட வைஃபை 6 இந்த முறையையே மாற்றியது. 20 மெகாஹெர்ட்ஸ் அகலமே உள்ள குறுகிய தடத்தைக்கூட ஒன்பது துண்டு வரை பிரித்து, ஒன்பது ஸ்கேனர்களின் பதிவை ஒரே நடையில் ஏற்றிவிடும். அடுத்த கட்டடத்திலிருந்து மெலிதாக வரும் அலையை அடையாளம் கண்டு, அதற்காக வீணாகக் காத்து நிற்காமல் தன் வேலையைப் பார்க்கும்.

2024 ஜனவரியில் சான்றளிப்புத் தொடங்கிய வைஃபை 7ஐ வாங்கச் சொல்லி விற்பனையாளர்கள் வருவார்கள். தையல் பிரிவுக்கு அது வேண்டாம். பண்டல் எண்ணை அனுப்ப அவ்வளவு வேகம் எதற்கு?

பெட்டியை மட்டும் மாற்றினால் முழுப் பலன் கிடைக்காது. ஸ்கேனரும் வைஃபை 6 ஆக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. ஒரு தையல் லைனில் தொடங்குங்கள். பெட்டியை ஆபீஸ் அறையிலிருந்து எடுத்து, கேபிள் இழுத்து, தைப்பவர்களின் தலைக்கு மேலே மாட்டுங்கள்.

அதுவரை, ஸ்கேனரில் ஏறாத பண்டலைக் கையால் எழுதிக் கொடுத்தாலும் கூலிக் கணக்கில் சேர்க்கும்படி உங்கள் சூப்பர்வைசர்களிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெட்வொர்க் வேலைக்காரன்