பிழைத்தவர்களையும் கொஞ்சம் ஆராயுங்கள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம்.

2021-இல் கொரோனாவைத் தொடர்ந்து வந்த கருப்புப் பூஞ்சை நோய்க்காக அப்பாவைச் சேர்த்திருந்த மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவிலிருந்து போன மாதம் எனக்கு ஒரு அழைப்பு வந்தது. பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். "பேஷன்ட் இருக்கிறாரா?" என்றார். பக்கத்தில்தான் இருக்கிறார், போனைக் கொடுக்கட்டுமா என்றேன். "வேண்டாம் மேடம், உயிரோடு இருக்கிறாரா என்று தெரிந்தால் போதும்" என்று வைத்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்குக் கொடுத்த படிவத்தில் அவ்வளவுதான் இருந்திருக்கும். அந்தப் படிவங்களை வகுப்பவர்களுக்கு வழிகாட்டும் இடத்தில் நீங்கள் இருப்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

அப்பா உயிரோடு இருக்கிறார். வலது பக்க மேல் தாடையும், சைனஸ் சுவரும், அண்ணத்தில் பாதியும் இல்லை. கண் தப்பியது. வாய்க்கும் மூக்குக்கும் நடுவே இருக்கிற திறப்பைப் பல் மருத்துவர் செய்துகொடுத்த அக்ரிலிக் பிளேட் ஒன்று அடைத்துக்கொண்டிருக்கிறது. பிளேட் இருந்தால் சாப்பாடு, பேச்சு. இல்லாவிட்டால் ஒரு மடக்குத் தண்ணீர்கூட மூக்கு வழியே வந்துவிடும்.

இருந்தாலும் எல்லாம் சரியாகிவிடாது. புண் ஆற ஆறத் திறப்பின் வடிவம் மாறுகிறது. பொருத்தமாக இருந்த பிளேட் லொடலொடவென்று ஆகிவிடுகிறது. ரசம் சாதத்தை இடது பக்கமாகவே ஒதுக்கி, தலையைச் சற்றுச் சாய்த்து விழுங்குவார். இரண்டு வாய்க்கு ஒருமுறை துண்டை மூக்கருகே கொண்டுபோவார். சாப்பிட்டு முடித்ததும் பிளேட்டைக் கழற்றி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். உள்ளே போய் ஒட்டிய பருக்கைகளை உப்பு நீர் விட்டுக் கழுவ வேண்டும். ஒரு வேளை கழுவாமல் விட்டாலும் நாற்றம் வரும். கல்யாண வீட்டுக்குப் போவார், மொய் எழுதுவார், பந்திக்கு உட்காரமாட்டார். சர்க்கரை இருக்கிறது, வேறு மாத்திரை இருக்கிறது என்று ஏதாவது சொல்லி நழுவிவிடுவார். ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டியில் ஏலம் கூறியவர் அவர். இன்று "பத்து" என்று சொன்னால் மூக்கில் ஏறி வேறு ஏதோவாகக் கேட்கிறது. அதே மண்டியில் இப்போது மூட்டை எண்ணுகிறார்.

நோயின் பின்னணி உங்களுக்குத் தெரியாததல்ல. 2021 ஜூன் 28 அன்று ஒன்றிய சுகாதார அமைச்சர் சொன்ன கணக்கில் 40,845 பேருக்கு இந்த நோய், அவர்களில் 3,129 பேர் இறந்திருந்தார்கள். பெரும்பாலோருக்கு வந்தது மூக்கிலும் சைனஸிலும் தொடங்கிக் கண்ணுக்கும் மூளைக்கும் ஏறுகிற வகை. பூஞ்சையைக் கொல்லும் ஆம்போடெரிசின் ஊசிக்கு ஊரெல்லாம் அலைந்தோம். உயிரைக் காப்பாற்றிய மருத்துவர்களுக்கு இன்றும் கும்பிடு போடுகிறோம். ஆனால் பிழைத்துக்கொண்ட பல்லாயிரம் பேர் என்ன ஆனார்கள்? என் கேள்வி அது ஒன்றுதான்.

உங்கள் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் சென்னையிலேயே இருக்கிறது. இந்த நோயாளிகளை ஓராண்டு பின்தொடர்ந்த ஆய்வும் வந்திருக்கிறது. நல்ல வேலை, நன்றி. ஆனால் ஓராண்டு போதுமா? அப்பாவுக்குப் பிளேட் லொடலொடக்கத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான். பூஞ்சை திரும்ப வருமா, எத்தனை வருடம் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும், கன்னத்து மரப்பு போகுமா, செயற்கைப் பல்லைத் தாங்கக் கன்ன எலும்பில் இம்பிளான்ட் என்ற திருகு வைத்துக்கொண்டவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று நாங்கள் கேட்டால், ஒவ்வொரு மருத்துவரும் ஒவ்வொன்று சொல்கிறார். தெரிந்தால் சொல்லமாட்டார்களா? அதனால்தான் கேட்கிறேன்: பிழைத்தவர்களைத் தொடர்ந்து பாருங்கள், ஓராண்டோடு நிறுத்தாதீர்கள்.

ஆராய்ச்சியே நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்தக் கொரோனா காலத்தில் கட்டுரைகள் வந்து குவிந்தன. எங்கள் சர்க்கரை அளவு, எங்கள் ஸ்கேன், எங்கள் முகம் எல்லாம் அவற்றில் இருக்கின்றன. நோயாளியை அடையாளம் தெரியக் கூடாது என்று படங்களில் கண்ணின் மேல் கறுப்புப் பட்டை போட்டிருக்கிறார்கள். கண்ணையே தோண்டி எடுத்த முகத்துக்கும் அதே பட்டை! இவ்வளவு அக்கறை உள்ளவர்கள், அந்த முகத்துக்காரர் இப்போது எதைச் சாப்பிடுகிறார் என்றும் கேட்டிருக்கலாம். ஆவி பிடித்ததால் வந்தது, துத்தநாக மாத்திரையால் வந்தது, தொழிற்சாலை ஆக்சிஜனால் வந்தது என்று அன்று ஆளுக்கொன்று சொன்னார்களே, அவற்றில் எது நின்றது, எது போனது என்றாவது நோயாளிகளுக்குச் சொல்லியிருக்கலாம். கட்டுரை எழுதியவர்களுக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கும். கிடைக்கட்டும், சந்தோஷம். எங்களுக்கு ஒரு பிரதிகூட வரவில்லை.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். வேண்டுகோளுக்கு வருகிறேன். பிழைத்தவர்களைத் தொடர்ந்து பார்க்கிற ஆய்வை நீட்டுங்கள். "இருக்கிறாரா" என்பதற்கு அடுத்து, சாப்பிட முடிகிறதா, பேசுவது புரிகிறதா, வேலைக்குப் போகிறாரா என்றும் படிவத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளேட்டை மாற்றுவதை, காப்பீட்டு அலுவலகம் எங்களுக்கு எழுதியதுபோல "அழகுச் சிகிச்சை" என்று யாரும் இனி ஒதுக்கிவிடாதபடி உங்கள் பரிந்துரையில் எழுதிவையுங்கள். குறைந்த செலவில் நீடித்து உழைக்கும் பிளேட்டுக்கு அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளில் ஆய்வு நடத்த நிதி கொடுங்கள். இதெல்லாம் உங்களால் முடியும் என்று நம்பித்தான் தயவுடன் கேட்கிறோம்.

அப்பாவின் ஸ்கேன் படங்கள், பயாப்சி முடிவு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு வைத்திருக்கிறோம். ஆய்வுக்கு வேண்டுமென்றால் எடுத்துக்கொண்டு சென்னைக்கே வரத் தயார். முடிவுகளை மட்டும் தமிழில் அனுப்புங்கள், அவரே படித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
கருப்புப் பூஞ்சையில் பிழைத்த ஒருவரின் மகள்,
ஒட்டன்சத்திரம்